கேட்காமல் பெருக்கிய வாலாம்பாள்

மூங்கிலாற்றங்கரைக் காட்டில் வாலாம்பாள் என்று ஒரு மலையணில் இருந்தாள். அவளுக்குக் குதிக்க வராது.

அணிலுக்குக் குதிக்க வராது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை. சின்ன வயதில் ஒருமுறை நாவல் கிளையிலிருந்து புங்கங்கிளைக்குத் தாவினாள். புங்கங்கிளை அங்கேதான் இருந்தது. அவள்தான் போய்ச் சேரவில்லை. அன்று முதல் மரத்தில் ஏறுவாள், இறங்குவாள், தரையில் ஓடுவாள். இரண்டு கிளைக்கு நடுவே கொஞ்சம் வானம் தெரிந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு திரும்பிவிடுவாள்.

பழமோ கிளை நுனியில்தான் பழுக்கும். குதிக்காத அணிலுக்கு அது எட்டாது. அதனால் வாலாம்பாள் ஒரு தொழில் வைத்துக்கொண்டாள். அவள் வால் நீளமானது, அடர்த்தியானது. மார்கழிப் பனி விலகிப் பறவைகள் முட்டையிட இடம் தேடும் காலத்தில், அவள் மரப்பொந்துகளைச் சுத்தம் செய்து கொடுப்பாள். பொந்துக்கு முதுகைக் காட்டி நிற்பாள். வாலை உள்ளே விடுவாள். இடுப்பை நாலு சுழற்றுச் சுழற்றுவாள். போன வருஷத்து இறகு, உளுத்த தூள், சிலந்திவலை எல்லாம் வெளியே வந்து விழும். பச்சைக்கிளிகள் கூலியாகப் பழம் கொண்டுவந்து கொட்டும். தையிலும் மாசியிலும் உழைப்பாள். கிடைத்த பழத்தைக் காயவைத்து வருஷம் முழுவதும் சாப்பிடுவாள்.

அந்த வருஷம் கார்த்திகைப் புயலில், கிளிகள் குடியிருந்த பெரிய இலவமரம் சாய்ந்துவிட்டது. கிளிகள் ஆற்றுக்கு அக்கரைக்குக் குடிபோயின.

"வாலாம்பா, நீயும் வந்துவிடு! அந்த மூங்கில் நுனியிலிருந்து ஒரே ஒரு தாவல்!" என்று கூப்பிட்டன.

வாலாம்பாள் மூங்கிலைப் பார்த்தாள். ஆற்றைப் பார்த்தாள். நடுவில் இருந்த வானத்தையும் பார்த்தாள்.

"போய் வாருங்கள்" என்றாள்.

தை பிறந்தது. கூப்பிட ஒருவரும் வரவில்லை. போன வருஷத்துப் பழத்தில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். புது வாடிக்கை கிடைக்காவிட்டால் அந்த வருஷம் பட்டினிதான்.

அப்போது துடுப்பு மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு கரிச்சான் குருவி வந்து உட்கார்ந்தான். காட்டில் யார் குரலையும் அப்படியே பேசக்கூடியவன் அவன். சொந்தக் குரல் எது என்று அவனுக்கே நினைவில்லை.

"என்ன தங்கச்சி, வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்?"

"வாடிக்கை போய்விட்டது அண்ணே. இனி வாயைக் கட்ட வேண்டியதுதான்."

"வாடிக்கை போனால் வேறு வாடிக்கை! உன் தொழில் நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? நான் கூவிச் சொல்கிறேன்."

"உனக்கு எதற்கு அண்ணே சிரமம்?"

"இதில் என்ன சிரமம்! நீ வேலை செய்தால் எனக்கு வயிறு நிறையும்" என்றான் கரிச்சான்.

அவன் சொன்னது அத்தனையும் உண்மை. கிளறப்படுகிற இடத்தில்தானே பூச்சி பறக்கும்! வாலாம்பாளோ, எவ்வளவு நல்ல மனசு என்று கண் கலங்கினாள்.

கரிச்சான் யோசித்தான். "குயில் குரல் இனிமைதான், ஆனால் எட்டாது. தவளைக் குரல் எட்டும், ஆனால் மரியாதை இருக்காது. கம்பீரமான குரல் வேண்டும்!"

உச்சிக்கிளைக்குப் பறந்தான். நெஞ்சை நிமிர்த்தினான். கழுகின் குரலில் கூவினான்.

"வருகிறோம்! வருகிறோம்! உங்கள் வீடு தேடி வருகிறோம்! ஒரு பொந்தையும் விடமாட்டோம்! மூலை முடுக்கெல்லாம் துடைத்து எடுத்துவிடுவோம்!"

மைனாக்கள் மறைந்தன. முயல்கள் மறைந்தன. குரங்குகள் குட்டிகளை மாற்றித் தூக்கிக்கொண்டு ஓடின. காடு துடைத்துவிட்டாற்போல் ஆயிற்று. மிஞ்சியது ஓர் ஆமைதான். அதுவும் தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது.

"நன்றாகத்தான் கேட்டிருக்கிறது" என்றான் கரிச்சான். "ஆனால் யாரும் வரவில்லையே!"

"நானே வீடு வீடாகப் போய்க் கேட்கட்டுமா அண்ணே?"

"கேட்காதே! கேட்டால் வேண்டாம் என்பார்கள். நீயாகப் போய்ச் செய்துவிடு! முதல் தடவை இலவசம்! சுத்தத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் தானாக மயங்கி விழுவார்கள்."

வாலாம்பாளுக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துவிட்டது. கேட்பதென்றால் அவளுக்கு எப்போதும் பயம். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அவளுக்குக் கொஞ்சம் வானம் தெரியும்.

முதலில் கண்ணில் பட்டவர் சேற்றையன் என்கிற காட்டுப்பன்றி. மருத மரத்தடியில் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். உடம்பு முழுவதும் காய்ந்த சேறு ஓடு ஓடாக ஒட்டியிருந்தது.

"பார்த்தாயா! அழுக்கு மலை!" என்றான் கரிச்சான்.

வாலாம்பாள் வாலை ஆற்றில் நனைத்தாள். கழுத்து, முதுகு, தொடை என்று தேய்த்தாள். சேறு பெயர்ந்து விழுந்தது. வேலை முடிந்தபோது சேற்றையன் மழையில் நனைந்த பாறை மாதிரி மின்னினார். உடனே ஈக்கள் வந்தன. கரிச்சான் வாயைத் திறந்து மூடினான், திறந்து மூடினான்.

சேற்றையன் துள்ளி எழுந்தார். "ஐயோ! என் போர்வையை உருவியது யார்?"

"நான்தான் பெரியப்பா! எப்படிப் பளபளவென்று இருக்கிறீர்கள், பாருங்கள்!"

"பளபளப்பை வைத்து நாக்கா வழிப்பது? ஈக்கடிக்கு மருந்தாக விடிந்ததிலிருந்து புரண்டு புரண்டு பூசினேனடி! ஊர் ஈயெல்லாம் இப்போது என் முதுகில் பந்தி உட்கார்ந்திருக்கிறது!"

பின்னங்கால் பிடரியில் பட அவர் சேற்றுக்குட்டையை நோக்கி ஓடினார்.

"இவருக்கு ரசனை போதாது" என்றான் கரிச்சான், வாயைத் துடைத்துக்கொண்டு. "வா, அடுத்த இடம் பார்ப்போம்."

அடுத்த இடம் ஒற்றையடிப் பாதை. நட்ட நடுவில் ஒரு சாணி உருண்டை கிடந்தது. கொஞ்சம்கூடக் கோணலில்லாத உருண்டை. எத்தனை பொறுமை இருந்தால் அப்படி உருட்ட வரும் என்று யாராவது நின்று யோசித்திருக்கலாம். வாலாம்பாள் யோசிக்கவில்லை. வாலால் ஒரே வீச்சு! உருண்டை சரிவில் ஓடி ஆற்றில் விழுந்து கரைந்தது.

கொஞ்ச நேரத்தில் சாணியுருட்டி வண்டு ஒன்று வந்தது. பெயர் உருளைக்கண்ணன். பின்னால் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு பெண் வண்டு. அதற்குப் பின்னால் மீசையை முறுக்கிக்கொண்டு அதன் அப்பா.

"இதோ மாமா, இங்கேதான் இருக்கிறது என் வீடு... இங்கேதான்... இங்கேதானே வைத்தேன்!"

"எதை வைத்தீர்கள் மாப்பிள்ளை?"

"எல்லாவற்றையும் மாமா! வீடும் அதுதான், சாப்பாடும் அதுதான்! பிள்ளைகளுக்குத் தொட்டிலும் அதுதான்!"

வாலாம்பாள் பெருமையோடு முன்னால் வந்தாள். "இங்கே ஓர் அசிங்கம் கிடந்தது. யார் காலிலாவது படுமே என்று நான்தான் எடுத்துப் போட்டேன். இலவசம்!"

பெண் வண்டு அங்கேயே மல்லாந்து விழுந்து ஆறு காலையும் உதறிக்கொண்டு அழுதது. அப்பா வண்டு அதைப் புரட்டி நிமிர்த்தினார்.

"வா அம்மா போகலாம். ஒரு பிடி சாணிகூட இல்லாதவனுக்கு என் பெண்ணைக் கொடுப்பேனா!"

உருளைக்கண்ணன் வெறும் பாதையைப் பார்த்தபடி நின்றான். முன்னங்கால்கள் இல்லாத உருண்டையைத் தள்ளிக்கொண்டே இருந்தன. வாலாம்பாள் கரிச்சான் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, எங்கேயோ தப்பு செய்கிறோம்போல் இருக்கிறதே?"

கரிச்சான், கிளறிய சருகிலிருந்து கிளம்பிய வெட்டுக்கிளியை விழுங்கினான். "தப்பே இல்லை! சின்ன இடமாகப் பார்க்கிறோம், அதுதான் குறை. பெரிய இடமாகப் பார்ப்போம். அதோ!"

ஆற்றங்கரையில் வானளாவிய ஒரு தான்றி மரம். அதன் நடுவே பெரிய பொந்து. பொந்தின் வாய் முழுவதும் ஏதோ அப்பி, காய்ந்து, இறுகிக் கிடந்தது. நடுவில் ஒரு கீறல் மட்டும் தெரிந்தது.

"ஐயையோ! இவ்வளவு அழுக்கா!" என்றாள் வாலாம்பாள்.

"இதைச் சுத்தம் செய்து கொடுத்தால் காடே உன்னைப் பற்றிப் பேசும்!"

அதுவும் உண்மையாயிற்று.

அந்தப் பொந்து, மேல்மலையிலிருந்து புதிதாக இறங்கி வந்த இருவாச்சிக் குடும்பத்துடையது. கணவன் கொண்டையப்பன், மனைவி பொன்னலகி. இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலத்தில் மனைவி பொந்துக்குள் போய்விடுவாள். கணவன் மண் கொண்டுவந்து தருவான். அவள் அந்த மண்ணோடு தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துவிடுவாள். சிறகு இறகெல்லாம் உதிர்ந்து போக, குஞ்சு வளரும்வரை அந்த இருட்டில் உட்கார்ந்திருப்பாள். கணவன் கீறல் வழியே பழம் ஊட்டுவான். கிளிகளை மட்டுமே அறிந்த வாலாம்பாளுக்கு இது எதுவும் தெரியாது.

அவள் மரத்தில் ஏறினாள். பல்லால் சுரண்டினாள். நகத்தால் பெயர்த்தாள். இடுக்கிலிருந்து பூச்சிகள் கிளம்பின. கரிச்சானுக்குப் பேச நேரமில்லை.

உள்ளேயிருந்து தூக்கக் கலக்கத்தோடு ஒரு குரல் வந்தது. "என்னங்க, இன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டீர்களா?"

வாலாம்பாள் பதில் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் பார்த்து அசந்துபோகட்டும் என்று சிரித்துக்கொண்டாள்.

பொத்தென்று சுவர் விழுந்தது. உள்ளே ஒரு பெரிய பறவை. சிறகில் ஓர் இறகுகூட இல்லை. காலடியில் இரண்டு முட்டைகள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வணக்கம் அம்மா! முதல் தடவை இலவசம்!" என்றாள் வாலாம்பாள்.

"அடிப் பாவி! என் சுவரை இடித்துவிட்டாயே!"

"சுவரா? அழுக்கு என்றல்லவா..."

"அழுக்கா! பத்து நாள் பாடடி அது! பறக்கச் சிறகில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். முட்டை கிடக்கிறது. இப்போது உடும்பு வந்தால் என்ன செய்வேன்?"

கீழே சருகு சரசரத்தது.

சில சொற்களை உரக்கச் சொல்லக் கூடாது. உடும்பு மரத்தில் ஏறிக்கொண்டிருந்தான்.

வாலாம்பாள் தப்பிக்க ஒரு வழி இருந்தது. பக்கத்துக் கிளைக்கு ஒரு தாவல், அவ்வளவுதான். அந்தப் பக்கம் பார்த்தாள். நடுவில் வானம் தெரிந்தது. இந்தப் பக்கம் பார்த்தாள். இரண்டு முட்டைகள் தெரிந்தன. அப்படியே திரும்பி நின்று, வாலையும் இடுப்பையும் பொந்துக்குள் திணித்துத் தன்னையே அடைப்பாக வைத்து இறுக்கிக்கொண்டாள்.

இதை வீரம் என்று சொல்லிவிட முடியாது. அவளுக்குப் போக வேறு இடமில்லை. ஆனால் வீரங்களில் பாதி இப்படித்தான் பிறக்கின்றன.

"என் மூக்கில் என்னடி அது!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் பொன்னலகி.

"வால் அம்மா!"

"எடு அதை!"

"எடுத்தால் உடும்பு வந்துவிடுமே!"

"எடுக்காதே! எடுக்காதே! ஐயோ, தும்மல் வருகிறதே!"

உடும்பு நாக்கை நீட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். "வாசல் திறந்திருக்கிறதாமே?"

"மூடியாயிற்று ஐயா."

"வாசலே சாப்பிடுகிற மாதிரி இருக்கிறதே!"

"அண்ணே!" என்று அலறினாள் வாலாம்பாள். "கழுகுக் குரல்! கழுகுக் குரலில் கத்து அண்ணே!"

கரிச்சானின் வாய் நிறையப் பூச்சி. பதற்றத்தில் அத்தனையையும் ஒரேயடியாக விழுங்கினான். தொண்டை அடைத்தது. கண் பிதுங்கியது. வாயைத் திறந்தான். "க்ரொக்! க்ரொக்!" என்று தவளைக் குரல் வந்தது.

"தவளையா? அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்" என்றான் உடும்பு.

அவன் இன்னும் ஓரடி நெருங்கினான். சட்டென்று நின்று, கழுத்தை மரப்பட்டையில் தேய்த்தான். மறுபடி நெருங்கினான். மறுபடி நின்று தேய்த்தான். அப்போதுதான் வாலாம்பாள் கவனித்தாள். அவன் தோலுரிக்கும் பருவம். பழைய தோல் கந்தல் கந்தலாகத் தொங்கியது. பிடரியில் மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

வாலாம்பாள் கண்ணை மூடினாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கேட்டாள்.

"ஐயா, உங்களுக்கு எங்கே அரிக்கிறது?"

உடும்பு அப்படியே நின்றுவிட்டான்.

"என்ன கேட்டாய்?"

"எங்கே அரிக்கிறது என்று கேட்டேன் ஐயா."

"என்னைப் பார்த்தால் எல்லாரும் ஓடுவார்கள். கல்லெறிவார்கள். எங்கே அரிக்கிறது என்று இதுவரை யாருமே கேட்டதில்லை." உடும்பு கழுத்தைத் திருப்பிக் காட்டினான். "பிடரிக்குக் கீழே அம்மா. கை எட்டவே மாட்டேன் என்கிறது. தை பிறந்ததிலிருந்து தூக்கமில்லை."

"கிட்டே வாருங்கள் ஐயா. வாயை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்."

வாலாம்பாள் முன்னங்கைகளால் சொறிந்தாள். தோல் மெல்ல மெல்லக் கழன்றது.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். ஆ! அங்கேதான்! அம்மம்மா!" உடும்பின் கண் சொருகியது. நாக்கு ஒரு முழம் தொங்கியது. "அரிப்பு தீர்ந்ததும் உன்னைச் சாப்பிடலாம் அல்லவா?"

"முதலில் தீரட்டும் ஐயா."

உள்ளே பொன்னலகி தும்மினாள். அந்தத் தும்மலில் வாலாம்பாள் முன்னால் பிதுங்கினாள். மறுபடி பின்னால் திணித்துக்கொண்டாள். சொறிவதை மட்டும் நிறுத்தவில்லை.

அப்போது வானத்தில் பெருங்காற்று வீசுவதுபோல் சிறகோசை கேட்டது. கொண்டையப்பன் வந்துவிட்டார்! அலகால் ஓங்கி ஓர் அடி! உடும்பு முகத்தில் புன்னகையோடும் முதுகில் பாதித் தோலோடும் ஆற்றில் போய் விழுந்தான்.

கொண்டையப்பன் பொந்தைப் பார்த்தார். தலையைச் சாய்த்து மறுபடியும் பார்த்தார்.

"இதென்ன, என் வீட்டுச் சுவரில் அணில் முளைத்திருக்கிறது!"

"அவளைப் பிடுங்கி எறியுங்கள்!" என்றாள் உள்ளேயிருந்து பொன்னலகி. "இல்லை, இல்லை! பிடுங்காதீர்கள்! முதலில் மண் கொண்டுவாருங்கள்!"

மண் வந்தது. ஓரங்களைப் பூசிக்கொண்டே வந்து, கடைசியில் வாலாம்பாளை வெளியே இழுத்தார்கள். பொன்னலகி மிச்ச இடத்தையும் பூசிவிட்டுக் கீறல் வழியே அலகை நீட்டினாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

வாலாம்பாள் நசுங்கிய வாலை நீவிவிட்டுக்கொண்டாள். "கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்களே என்று பயம் அம்மா."



"வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்" என்றாள் பொன்னலகி. "ஆனால் என்ன வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருப்பேனே! நான் தின்று துப்பும் கொட்டையெல்லாம் மரத்தடியில் குவிகிறது. உள்ளே ஆள் இருப்பதை உடும்புக்குக் காட்டிக்கொடுப்பதே அந்தக் குப்பைதான். இறங்கிப் போய்ப் பெருக்க இவருக்கு நேரமில்லை. எனக்குச் சிறகில்லை. தினமும் வந்து பெருக்குகிறாயா? இவர் கொண்டுவரும் பழத்தில் உனக்கும் பங்கு."

வாலாம்பாள் தலையை வேகமாக ஆட்டினாள். வாலையும் ஆட்டினாள். அது பட்டுக் கொண்டையப்பனும் தும்மினார்.

மறுநாள் முதல் அவள் வீடு வீடாகப் போனாள். வாலை முதுகில் மடித்துக்கொண்டு, "உங்களுக்கு என்ன சுத்தம் செய்ய வேண்டும்?" என்று மட்டும் கேட்டாள்.

ஆமை, "ஒன்றும் வேண்டாம்" என்றது. வாலாம்பாள் விழுந்து சாகவில்லை. அது அவ்வளவு உயரமான கிளை இல்லை என்று தெரிந்துகொண்டாள்.

சேற்றையன் முறைத்தார். "சேற்றைத் தொட்டால் கொன்றுவிடுவேன்! ஆனால் காதுக்குப் பின்னால் உண்ணி இருக்கிறது. அதை எடுத்துவிடு. இலந்தை மரத்தை உலுக்கித் தருகிறேன்."

உருளைக்கண்ணனிடம் முதலில் மன்னிப்புக் கேட்டாள். பிறகு, என்ன வேண்டும் என்று கேட்டாள். அவன் புது உருண்டை உருட்டிக்கொண்டிருந்தான். "உருண்டையை விட்டுவிடு அக்கா. போகிற வழியில் கல் இருக்கிறது. அதைப் பெருக்கிக் கொடு" என்றான். வாலாம்பாள் மாப்பிள்ளைக்கு ராஜபாட்டையே போட்டுக் கொடுத்தாள். கல்யாணம் நடந்தது. அவளைத்தான் முதல் பந்திக்குக் கூப்பிட்டார்கள். "இன்றைக்கு விரதம்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாள்.

கரிச்சான் புது யோசனையோடு வந்தான்.

"அண்ணே, யோசனை இருக்கட்டும். உனக்கு என்ன வேண்டும்?"

கரிச்சான் அங்கே பார்த்தான், இங்கே பார்த்தான். முதல்முறையாகச் சொந்தக் குரலில் பேசினான்.

"பூச்சி."

"அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!"

அதன்பிறகு அவள் பெருக்குகிற இடமெல்லாம் அவனும் கூடப் போனான். எப்போதும் வாய் நிறையப் பூச்சி இருந்ததால் யோசனை சொல்ல முடியவில்லை. அது எல்லாருக்கும் நல்லதாயிற்று.

மாசி முடிவதற்குள் வாலாம்பாளின் பொந்து பழத்தால் நிறைந்துவிட்டது. குதிக்க மட்டும் அவள் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் யாரிடமாவது கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் அந்த ஒரு கணத்தில், அவள் கால்கள் தரையில் இருக்காது. பதில் எதுவானாலும், அக்கரைக் கிளையில் போய்ச் சேர்ந்துவிடுவாள்.

சில மாலைகளில் ஆற்றுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கெஞ்சும். "அம்மா! மீதிப் பாதித் தோல்?"

"வருகிறேன் ஐயா!" என்று இவள் பதில் சொல்லுவாள். "கொண்டையப்பரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்!"

உடனே அக்கரை அமைதியாகிவிடும்.

'வேண்டாம்' என்ற சொல்லுக்கு அஞ்சிக் கேட்காமல் செய்கிற உதவி உபத்திரவமே ஆகும். 'என்ன வேண்டும்' என்று கேட்கத் துணிந்தவருக்குத்தான் வேலையும் கிடைக்கும், உறவும் கிடைக்கும்.